ஒரே கையெழுத்தில் மூன்று அம்மாக்கள்

ஒடெஸ்ஸா ரக்கர் இருபத்தெட்டு வருடம் எங்கள் நகரப் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்தவள். தேதி திருத்திய பாஸை அவள் கையில் வாங்கிப் பார்க்கக்கூட மாட்டாள். வைத்திருப்பவன் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். ஒருமுறை எங்கள் மவுண்ட் நீபோ சபையின் பாஸ்டரே போன மாதத்துப் பாஸோடு ஏறிவிட்டார். ஞாயிறன்று முன்வரிசையில் உட்கார்ந்து அவர் பிரசங்கத்துக்கு ‘ஆமென்’ சொன்னவள், திங்களன்று அவருக்கே அபராதச் சீட்டைக் கிழித்து நீட்டினாள். “பரலோகத்துக்கு உங்ககிட்ட பாஸ் இருக்கலாம் பாஸ்டர். பதினாலாம் நம்பர் பஸ்ஸுக்கு இல்ல” என்றாளாம்.

நான் அதே சபையில் ஆர்கன் வாசிக்கிறவன். பெயர் ஹாலிஸ். எட்டு வயதிலிருந்து ஒடெஸ்ஸாவும் நானும் ஒரே பாடகர் குழுவில் நின்றவர்கள். அறுபது வயதிலும் நான் தாளம் தப்பினால் திரும்பி முறைப்பாள்.

அவளுக்கு லின்வுட் என்று ஒரு தம்பி. ஏரித் துறைமுகத்தில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவன், ஒரு கடைக் கொள்ளையில் கூட்டுச் சேர்ந்து முப்பது வருடத் தண்டனை வாங்கினான். அக்காவுக்கு மாதம் ஒரு கடிதம் வரும். 2011இல் வேறு ஒரு கைதி, தன் தலை தப்புவதற்காக, லின்வுட் ஒரு கும்பலைச் சேர்ந்தவன் என்று சொல்லிவிட்டான். லின்வுட்டை ஹார்லன் ரிட்ஜ் சிறைக்கு மாற்றித் தனிமைச் சிறையில் அடைத்தார்கள். நாளில் இருபத்துமூன்று மணி நேரம் ஒரே அறை. மிச்சம் ஒரு மணி நேரம் கம்பிக் கூண்டுக்குள் நடை. அன்றிலிருந்து கடிதம் நின்றுபோனது.

ஒடெஸ்ஸா நான்கு மணி நேரம் காரோட்டிப்போய்க் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்து கேட்டாள், “ஏன்டா எழுதறதில்ல?”

“எழுத ஒன்னுமில்ல டெஸ்.”

அவ்வளவுதான் பதில். அவள் திரும்பி வந்து என்னிடம் சொன்னாள்: “யாரோ அவன் மனசைக் கலைச்சிருக்காங்க ஹாலிஸ். இல்லேன்னா அவன் எதையோ மறைக்கிறான். என் கண்ணைப் பாக்கல.” அதன்பிறகு அவள் போவதைக் குறைத்துக்கொண்டாள். அவனைச் சந்தேகப்பட்டாள், அங்குள்ள அதிகாரிகளைச் சந்தேகப்பட்டாள், தபால்காரரைக்கூட ஒருநாள் நிறுத்தி விசாரித்தாள்.

எங்கள் சபையின் கீழ்த்தளத்தில் வியாழக்கிழமைதோறும் ஒரு கூட்டம் நடக்கும். தனிமைச் சிறையில் பிள்ளையை, கணவனை, அண்ணன் தம்பியை விட்டுவிட்டு இருப்பவர்கள் கூடுவோம். என் அக்கா மகனும் அப்போது ஹார்லன் ரிட்ஜ் தனிமைச் சிறையில் இருந்ததால் நானும் போவேன். தெரீஸ் நோவாக் என்று கல்லூரியில் நாடகம் சொல்லிக்கொடுக்கிற பெண் ஒருத்தி எங்களோடு சேர்ந்தாள். மனு எழுதி, கையெழுத்து வாங்கி, சட்டமன்றத்துக்கு அனுப்பி அலுத்துப்போயிருந்த எங்களிடம் அவள்தான் சொன்னாள், “மனுவை யாரும் படிக்கமாட்டாங்க. அவங்க கடிதத்தை மேடையில படிப்போம். ஜனங்க வந்து கேக்கட்டும்.”

ஹார்லன் ரிட்ஜிலிருந்து எங்களுக்கு அதிகம் எழுதியவர் அலான்சோ பீட் என்பவர். பென்சிலில், பொடி எழுத்தில், ஓரம்கூட விடாமல் எழுதுவார். தபால்பெட்டிச் சாவி என்னிடம் இருந்ததால் முதலில் படிப்பவன் நான். ஒரு கடிதத்தைப் படித்துவிட்டு ஆர்கனைத் தொடாமல் வீட்டுக்குப் போன நாளும் உண்டு.

ஒடெஸ்ஸா முதல்தடவை கூட்டத்துக்கு வந்தபோது கையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தாள். தெரீஸைத் தலைமுதல் கால்வரை பார்த்தாள்.

“உங்க ஆளு யாராவது உள்ள இருக்காங்களா?”

“இல்ல, மிஸ் ரக்கர்.”

“அப்புறம் உங்களுக்கு இங்க என்ன வேலை?”

“இது தப்புன்னு தோணுது. அதான்.”

“தப்புன்னு தோணுறவங்க எல்லாம் வியாழக்கிழமை மழையில வரமாட்டாங்க” என்று சொல்லிவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். மேசையில் இருந்த சக்கரைவள்ளிக்கிழங்கில் சுட்ட ‘பை’ என்கிற இனிப்பைக் கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டு, “கடையில வாங்கினது” என்று பக்கத்திலிருந்தவளிடம் முணுமுணுத்தாள். உண்மையில் அது கடையில் வாங்கியதுதான்.

2014 அக்டோபரில் முதல் வாசிப்பு. சபை மண்டபம் நிறைந்துவிட்டது. தெரீஸின் மாணவர்கள் தரையில் வெள்ளை நாடா ஒட்டி தனிமைச் சிறை அறையின் அளவைக் காட்டியிருந்தார்கள். அதற்குள் ஒருவர் மாற்றி ஒருவர் நின்று அலான்சோவின் கடிதங்களைப் படித்தார்கள். நடுநடுவே நான் மெதுவாக ஆர்கன் வாசித்தேன்.

முதல் கடிதத்தில் அம்மா ஒரு சலவைக் கடையில் வேலை பார்த்து, எழுதியவருக்கு ஒன்பது வயதிருக்கும்போது இறந்துபோகிறார். இரண்டாவதில் ஒரு பண்ணையும் கோவேறு கழுதையும் வருகின்றன. மூன்றாவதில் அம்மா இன்னும் உயிரோடு, ஞாயிறுதோறும் அவருக்கும் சேர்த்து ஒரு தட்டு வைக்கிறார். ஒடெஸ்ஸாவின் பென்சில் ஓடுவதை ஆர்கனிலிருந்தே பார்த்தேன். நான் பார்வையை ஸ்வரத் தாளுக்குத் திருப்பிக்கொண்டேன். ஏனென்றால் விஷயம் எனக்குத் தெரியும், தெரீஸுக்கும் தெரியும்.

நான்காவது கடிதத்தை ஒரு பையன் படித்தான். ‘அம்மா சனிக்கிழமை சமையலறையைக் கழுவிவிட்டு, ஈரத்தில் கால் வைக்காமலிருக்கப் பழைய செய்தித்தாளை விரித்து வைப்பாள். அதில் படக்கதைப் பக்கம் எங்கே கிடக்கிறது என்று தேடி, நானும் அக்காவும் குப்புறப் படுப்போம். அக்கா படிப்பாள். அவள் சிரிக்கிற இடத்தில் நானும் சிரிப்பேன்.’

ஒடெஸ்ஸா எழுந்துவிட்டாள்.

“நிறுத்து தம்பி. நிறுத்துங்கறேன்ல!”

மண்டபம் மொத்தமும் திரும்பியது.

“இந்த ஆளுக்கு எத்தனை அம்மா? ஒருத்தி செத்துட்டா, ஒருத்தி தட்டு வைக்கிறா, இப்ப மூணாவதா ஒருத்தி தரை கழுவுறா. அது எங்கம்மா! அது எங்க வீட்டுத் தரை! என் வீட்டுக் கதையை யாரு உங்களுக்கு வித்தாங்க? எழுதுறதெல்லாம் நீதானே?” கடைசிக் கேள்வி தெரீஸைப் பார்த்து.

தெரீஸ் வெளுத்துப்போனாள். “மிஸ் ரக்கர், வெளிய வாங்க, சொல்றேன்.”

“இங்க சொல்லு. எல்லாருக்கும் கேக்கட்டும்.”

அங்கே சொல்ல முடியாது. வந்திருந்த எல்லாரையும் எங்களுக்குத் தெரியாது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு பாட்டை ஆர்கனில் உரக்க வாசிக்க ஆரம்பித்தேன். கூட்டம் சந்தேகத்தோடு கலைந்தது. ஒரு பெண்மணி கதவருகே, “பாவம்னு நெனச்சு அழுதேன், எல்லாம் நாடகமா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மூன்று வாரம் கழித்து, நாங்கள் அலான்சோவுக்கு எழுதிய கடிதம் திரும்பி வந்தது. கூடவே ஒரு அச்சடித்த சீட்டு. அறைக்கு அறை செய்தி கடத்திய குற்றத்துக்காக அந்தக் கைதிக்குத் தொண்ணூறு நாட்கள் தாளும் பென்சிலும் கிடையாது என்று இருந்தது.

அன்று மாலை ஒடெஸ்ஸாவின் வீட்டுக்குப் போய் அந்தச் சீட்டை மேசைமேல் வைத்தேன்.

“இது என்ன?”

“நீ பண்ணின வேலை. பாதி என் வேலையும்தான்.”

அப்போதுதான் சொன்னேன். அந்தத் தனிமைச் சிறையில் அறைகளின் கழிவுநீர்க் குழாய்கள் ஒன்றோடொன்று சேர்ந்தவை. தண்ணீரை வடித்துவிட்டுக் குழாயில் வாயை வைத்தால் அடுத்த அறைக்குக் கேட்கும். எழுதத் தெரியாதவர்கள், கை நடுங்குகிறவர்கள், எழுத ஆளில்லாதவர்கள் குழாய் வழியாகச் சொல்வார்கள். அலான்சோ எழுதுவார். அங்கிருந்து விடுதலையாகி வந்த ஒருவர்தான் எங்களிடம் காதோடு காதாகச் சொன்னார். சிறையில் கடிதங்களைப் படிக்கும் அறையில் யாரும் இரண்டு கடிதத்தை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதில்லை. ஒடெஸ்ஸா பார்ப்பாள்.

“ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லல?”

“உன்மேல நம்பிக்கை இல்ல.”

“அம்பத்தி மூணு வருஷமாத் தெரியும் உனக்கு என்னை!”

“அதனாலதான்.”

அவள் சீட்டை எடுத்து மறுபடி படித்தாள். பிறகு, “அன்னிக்கு மண்டபத்துல இருந்தவங்கள்ல ஒருத்தன் சிறைக்காரங்க ஆளு” என்றாள். “பழுப்புக் கோட்டுப் போட்டவன். ரெண்டு தடவை காபி வாங்கினான், ஒரு தடவைகூடக் குடிக்கல.” அந்த ஆள் யாரென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. நிஜமாகவே காபி பிடிக்காத ஒருவராகவும் இருக்கலாம்.

அதற்கப்புறம்தான் அவள் எழுந்துபோய் ஒரு ஷூப் பெட்டியைக் கொண்டு வந்தாள். லின்வுட் பழைய சிறையிலிருந்து எழுதிய கடிதங்கள். ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினாள். சாய்ந்த எழுத்து, உருண்டை எழுத்து, எல்லாமே பெரிய எழுத்தாக ஒன்று, பள்ளிக்கூட வாத்தியார் எழுத்துப்போல ஒன்று. நான்கு கை.

“கை வலின்னு சொன்னான். மாத்தி மாத்திப் புடிச்சு எழுதறேன்னான். நானும் நம்பினேன்” என்றாள். ஊரில் எவன் கையெழுத்தையும் நம்பாதவள், அதைமட்டும் நம்பியிருக்கிறாள்.

அடுத்த சனிக்கிழமை இருவரும் ஹார்லன் ரிட்ஜுக்குப் போனோம். பேனாவை உள்ளே விடமாட்டார்கள். காரிலேயே தன் உள்ளங்கையில் எதையோ எழுதிக்கொண்டாள். லின்வுட்டைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். மெலிந்து, வெளிச்சத்துக்குக் கண் கூசி, எங்களுக்குப் பின்னாலிருந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒடெஸ்ஸா கையைக் கண்ணாடியில் ஒட்டி வைத்தாள். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. அவன் உள்ளங்கையைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான், அதேபோலச் சிரித்துத் தலையாட்டினான்.

அவள் எழுதியிருந்தது: ‘உன் சட்டை தீப்பற்றி எரிகிறது.’

கையை மடியில் வைத்து மூடிக்கொண்டாள். அந்தத் தொலைபேசியில் எல்லாம் பதிவாகும். அதனால் சுற்றி வளைத்துத்தான் பேசினாள்.

“சனிக்கிழமை அம்மா பேப்பர் விரிப்பாளே, ஞாபகமிருக்கா?”

அவன் முகம் மாறியது. “இருக்கு.”

“நான் சிரிச்சாத்தானே நீ சிரிப்ப?”

அவன் கண்ணாடியை விட்டுக் கொஞ்சம் பின்னால் நகர்ந்தான். “உனக்கு எப்பத் தெரிஞ்சுது?”

“இப்பதான்.”

“கேலி பண்ணுவன்னு நெனச்சேன். நீ எல்லாரையும் புடிக்கிறவ. என்னையும் புடிச்சிருவன்னு சின்ன வயசுலேர்ந்து பயம்.”

“அம்பது வருஷமா டிக்கெட் இல்லாமலே வந்திருக்கடா நீ” என்றாள். அவன் சிரித்தான். இந்தத் தடவை அவன்தான் முதலில் சிரித்தான்.

திரும்பி வரும்போது வழியில் ஒரு கடையில் மீன் வறுவல் வாங்கினோம். அவள் சாப்பிடவில்லை. “எங்கிட்ட ஒருத்தன் நாலு வார்த்தை சொல்லப் பாத்தான். அதை எழுதிக் கொடுத்தவன் கையை ஒடிச்சுட்டேன்” என்றாள்.

எங்கள் அடுத்த நிகழ்ச்சி மே மாதம். எங்கள் பகுதியில் காலியாய்க் கிடந்த வீடுகளை நகராட்சி இடித்துக்கொண்டிருந்தது. அந்த வீடுகளின் கதவுகளைக் கேட்டு வாங்கிவந்து, சபையின் கார் நிறுத்துமிடத்தில் வரிசையாக நிறுத்தினோம். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒருவர் நின்று, முன்பே வந்திருந்த ஒரு கடிதத்தைப் படிப்பார். பெயர் கிடையாது. கேட்க வந்தவர்கள் கதவில் காதை வைத்துக் கேட்க வேண்டும். முதலில் தெரீஸ் கதவுக்குப் பதிலாகக் குழாய் வைக்கலாம் என்றாள்.

“குழாய் வச்சா எப்படிப் பேசறாங்கன்னு அவங்களுக்கு நாமளே பாடம் நடத்தின மாதிரி” என்று ஒடெஸ்ஸா மறுத்துவிட்டாள். ஒவ்வொரு கடிதத்தையும் வாங்கி, ஆளைக் காட்டிக்கொடுக்கும் ஊர், தெரு, நாய் பெயர்வரை அடித்துக் கொடுத்தவள் அவள்தான். தெரீஸிடம் அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் அந்த நாளில் தன் கையால் சுட்ட கிழங்கு இனிப்பைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்து, “இது கடையில வாங்கினதில்ல” என்றாள்.

அந்த நிகழ்ச்சிக்கு வந்த ஒரு வழக்கறிஞர், தனிமைச் சிறையில் ஒருவரை வைத்திருப்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று விதி இருப்பதாகச் சொன்னார். எங்கள் குழுவில் பத்தொன்பது குடும்பங்கள். கைதிகளிடம் ஒப்புதல் வாங்கி அந்த மறுபரிசீலனைப் படிவங்களைச் சிறைத்துறையிடம் கேட்டோம். எட்டு மாதம் இழுத்தடித்து இரண்டு பெட்டி அனுப்பினார்கள். ஒடெஸ்ஸா அதைத் தன் வீட்டுக்குத் தூக்கிப்போய்விட்டாள்.

பத்து நாள் கழித்து என்னைக் கூப்பிட்டாள். லின்வுட்டின் படிவத்தில் கடைசி வரியைக் காட்டினாள். ‘மேற்கண்ட முடிவைக் கைதி தானே படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டார்.’ கீழே, வழவழவென்று, லின்வுட் ஜே. ரக்கர்.

“இவன் எப்ப இவ்வளவு அழகாப் படிக்க எழுதக் கத்துக்கிட்டான்?” என்றாள். பிறகு மற்றப் படிவங்களைத் தள்ளினாள். பத்தொன்பது பேர் கையெழுத்திலும் ஆங்கில ‘ஆர்’ வந்த இடத்திலெல்லாம் ஒரே வால். என் அக்கா மகனுடையதிலும் அதே வால். யாரும் கைதிகளின் அறைக் கதவுக்கே போகவில்லை. ஒரு மேசையில் உட்கார்ந்து பத்தொன்பது பேருக்கும் ஒரே ஆள் போட்டிருக்கிறார்.

எங்கள் புகாரின்பேரில் சட்டமன்றக் குழு 2016 மார்ச்சில் விசாரணைக்குக் கூப்பிட்டது. இதைச் சொல்வதென்றால் லின்வுட்டுக்குப் படிக்கத் தெரியாது என்று ஊரறியச் சொல்ல வேண்டும். ஒடெஸ்ஸா முதலில் அவனிடம் போய்க் கேட்டாள். “சொல்லு டெஸ். நாலரை வருஷமா இந்த ரூம்ல இருக்கேன். இதுக்கு மேல என்ன வெக்கம்” என்றானாம்.

நீலத் தொப்பி போட்டுக்கொண்டு சாட்சி மேசையில் உட்கார்ந்தாள். சிறைத்துறை சார்பில் வந்தவர் கோபப்படாமல் பேசினார். கையெழுத்தை ஒரே ஆள் போட்டது எழுத்தர் வசதிக்காகத்தான், முடிவில் தவறில்லை என்றார். பிறகு ஒடெஸ்ஸாவின் பக்கம் திரும்பினார்.

“நீங்க மேடையில படிச்ச கடிதங்களும் ஒரே ஆள் எழுதினதுதானே அம்மா? பல பேர் கதையை ஒருத்தர் எழுதினாரு. நீங்களே எழுந்து நின்னு சொல்லியிருக்கீங்க.”

அப்படியானால் அந்த மண்டபத்தில் நடந்தது இவர்வரைக்கும் போயிருக்கிறது. ஒடெஸ்ஸா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ‘பழுப்புக் கோட்டு’ என்று அவள் உதடு அசைந்தது. பிறகு ஒலிவாங்கியைப் பக்கத்தில் இழுத்தாள்.

“ஆமா சார், சொன்னேன். அவரு கேட்டு எழுதினாரு. நீங்க கேக்காம எழுதினீங்க.”

குழுத் தலைவி படிவங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு வருடத்துக்கு மேல் தனிமையில் இருப்பவர்கள் எல்லாரையும் வெளியாட்கள் நேரில் பார்த்து விசாரிக்க வேண்டும் என்று ஜூனில் உத்தரவு வந்தது. பத்தொன்பது பேரில் பதினொருவர் வெளியே வந்தார்கள். வெளியே என்றால் சாதாரணச் சிறைக்கு. லின்வுட் அதில் ஒருவன். என் அக்கா மகன் இல்லை. அவன் இன்னும் ஒன்றரை வருடம் இருந்தான். சட்டம் எதுவும் மாறவில்லை. அந்த அறைகளில் வேறு ஆட்களை வைத்தார்கள்.

அலான்சோ பீட் சிறையை விட்டே வெளியே வர 2018 ஆகிவிட்டது. அவர் எங்களுக்கு மறுபடி எழுதவே இல்லை. ஒடெஸ்ஸா அவருக்கு மாதம் ஒரு கடிதம் எழுதினாள், முப்பத்தொன்று. ஒன்றுக்கும் பதில் இல்லை. விடுதலையான பிறகு ஒரு ஞாயிறு, தன் தங்கையோடு எங்கள் சபைக்கு வந்தார். உயரமான மனிதர். கையில் கோல். ஆராதனை முடிந்து சாப்பாட்டுக்கு எல்லாரும் கீழ்த்தளத்துக்குப் போனபோது, சுவரோரம் முதுகு இருக்கும்படி ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

ஒடெஸ்ஸா அவருக்கு எதிரில் போய் உட்கார்ந்தாள். நான் காபிப் பாத்திரத்தருகே நின்றேன்.

“எழுந்து நின்னு கத்தினது நீங்கதானா?”

“நான்தான்.”

“தொண்ணூறு நாள்.”

“தெரியும்.”

“தெரியாது” என்றார். குரலை உயர்த்தவில்லை. “தெரிஞ்ச மாதிரி தலையாட்டாதீங்க.”

அவள் தலையாட்டுவதை நிறுத்தினாள். அவர் கோழியைக் கத்தியால் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்துச் சாப்பிட்டார். அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

“உங்க தம்பி தரைப் பேப்பர் கதையை ஒரே நாள்ல சொல்லல” என்றார் கொஞ்சநேரம் கழித்து. “மூணு வாரம் சொன்னான். நடுவுல நிறுத்திடுவான். நான் குழாயைத் தட்டி, அப்புறம், அப்புறம்னு கேப்பேன்.”

“கடைசியில என்ன சொன்னான்?”

“அதை நான் எழுதல. எழுத வேணாம்னுட்டான்.”

“எங்கிட்ட சொல்லலாமே.”

அலான்சோ அவளை நிமிர்ந்து பார்த்தார். நம்பலாமா என்று பார்க்கிற பார்வை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, தங்கையைக் கூப்பிட்டுக் கோட்டைக் கேட்டார்.

“அவன் வந்ததும் அவனையே கேளுங்க” என்றார்.

லின்வுட் வருவதற்கு அப்போது இன்னும் மூன்று வருடம் இருந்தது.